அங்கேயும் ஆள் இருக்கு

தாமஸ் மோர் எழுதிய ‘உட்டோப்பியா’வைப் பற்றிக் கிளை நூலகம் ஒன்றின் வாசகர் வட்டத்தில் பேச்சு. பேசியவர்தான் இதை எழுதுகிறவர். கூட்டம் முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அறையைக் கூட்டிவிட்டுப் போவதற்காகக் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த அம்மா எழுந்து வந்து கேட்டார்: “தங்கத்துல மலச்சட்டி செஞ்சு வச்சிருந்தாங்கன்னு சொன்னீங்களே சார், அதைக் கொட்டிக் கழுவுறது யாரு?”

தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். சட்டியைக் கழுவுகிறவர் யார் என்று மோர் தனியாகச் சொல்லவில்லை. ஆனால் அந்தத் தீவின் பொதுச் சாப்பாட்டுக் கூடங்களில் அழுக்கான வேலை, இடுப்பொடிக்கும் வேலை எல்லாம் அடிமைகளுடையவை என்று எழுதியிருக்கிறார். “அடிமைகள்தான்மா” என்று சொன்னார் பேசியவர். “அப்ப அங்கயும் ஆளு இருக்கு” என்று சொல்லிவிட்டு, மின்விசிறிகளை நிறுத்தப் போய்விட்டார் அந்த அம்மா.

நடந்தது இவ்வளவுதான். ஆனால் அந்த ஒரு வாக்கியம் இதை எழுதுகிறவரை விடுவதாக இல்லை.

அந்தப் பொன் சட்டி உலகப் புகழ் பெற்றது. 1516-இல் லூவெய்ன் நகரில் லத்தீன் மொழியில் அச்சான அந்தச் சிறிய நூலைப் படித்தவர்கள் வேறு எதை மறந்தாலும் அதை மறப்பதில்லை. உட்டோப்பியர்கள் சாப்பிடுவது மண் பாண்டத்திலும் கண்ணாடிப் பாத்திரத்திலும். பொன்னும் வெள்ளியும் கழிவுச் சட்டிக்கு. அடிமைகளின் கால் விலங்கும் பொன்தான். அனிமோலியா என்ற நாட்டுத் தூதர்கள் கழுத்து நிறையச் சங்கிலி போட்டுக்கொண்டு பகட்டாக வந்து இறங்குகிறார்கள். தெருவில் நிற்கும் ஒரு பையன் அம்மாவை இடித்துக் காட்டுகிறான். இவ்வளவு பெரிய ஆள் சின்னப் பிள்ளை மாதிரி நகை போட்டிருக்கிறானே என்று அவனுக்கு வியப்பு. தூதர்களை அடிமைகள் என்று எண்ணி அவர்களை விட்டுவிட்டு, எளிய உடையில் வந்த பணியாட்களுக்கு ஊரார் வணக்கம் சொல்கிறார்கள். பேச்சு இந்த இடத்துக்கு வந்ததும் கூட்டம் சிரித்தது. பொன்னாசையைத் தலைகீழாகக் கவிழ்த்த காட்சி என்று பேசியவரும் ரசித்துச் சொன்னார். சட்டி எதனால் ஆனது என்பதில் எல்லார் கண்ணும் இருந்தது. சட்டிக்குள் என்ன இருக்கும் என்று நினைத்தவர் ஒருவர்தான்.

கற்பனைப் பயணக் கதைகள் எல்லாவற்றுக்கும் சட்டகம் ஏறக்குறைய ஒன்றே. ஒருவன் கப்பல் ஏறுகிறான், அல்லது தூங்கிப் போகிறான், அல்லது வழி தவறுகிறான். கண் விழித்தால் வேறொரு நாடு. உள்ளூர்க்காரர் ஒருவர் கையைப் பிடித்து அழைத்துப்போய் ஊரைச் சுற்றிக் காட்டுகிறார்: எங்கள் சட்டம் இது, எங்கள் திருமணம் இப்படி, எங்கள் சந்தையில் பணம் கிடையாது. வந்தவன் வாயைப் பிளந்து கேட்கிறான். அவன் எப்போதும் விருந்தாளி. விருந்தாளிக்குக் கூடத்தையும் தோட்டத்தையும் காட்டுவோம், கொல்லைப்பக்கத்தைக் காட்ட மாட்டோம்.

மோரின் பயணி ரஃபேல் ஹித்லோதே. ஆன்ட்வெர்ப் நகரத் தேவாலயத்தின் வாசலில், வெயிலில் கறுத்த முகமும் நீண்ட தாடியுமாக நிற்கும்போது அவனை மோருக்கு அறிமுகப்படுத்துகிறார் நண்பர் பீட்டர் கைல்ஸ். அமெரிகோ வெஸ்புச்சியோடு கடல் சுற்றியவன் என்று ஒரு கதை. திரும்பும் வழியில் அவன் தப்ரபேன், அதாவது இலங்கை வரை வந்து, அங்கிருந்து கோழிக்கோடு சேர்ந்து, அதிர்ஷ்டவசமாக ஒரு போர்ச்சுகீசியக் கப்பலைப் பிடித்து ஊர் திரும்பியதாக மோர் எழுதுகிறார். வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக்கு வந்தது 1498-இல்; ஆகவே அந்தத் துறைமுகத்தின் பெயர் அப்போது ஐரோப்பாவில் எல்லார் வாயிலும் இருந்தது. நம் கரையை இவ்வளவு ஒட்டிக்கொண்டு போன கற்பனை மனிதன் இங்கே இறங்கி ஒரு நாள் சுற்றியிருந்தால் என்ன பார்த்திருப்பான் என்று இதை எழுதுகிறவர் பலமுறை நினைத்ததுண்டு. இப்போது தோன்றுவது வேறு. அவன் பார்த்திருக்கக்கூடியதை மோர் அந்தத் தீவிலேயே வைத்துவிட்டார்.

உட்டோப்பியாவில் குடிமக்களுக்கு நாளுக்கு ஆறு மணி நேரம்தான் வேலை. 1516-க்கு அது பெரிய கனவு. சொத்தும் இல்லை, பட்டினியும் இல்லை. ஆனால் ஆடு மாடு அறுப்பது குடிமக்கள் வேலை அல்ல. நகரத்துக்கு வெளியே, ஓடும் தண்ணீரின் அருகில், அடிமைகள் அறுத்துச் சுத்தம் செய்து கொண்டுவருவார்கள். காரணத்தையும் மோர் சொல்கிறார்: அறுத்துப் பழகினால் மனிதனின் இரக்க உணர்வு தேய்ந்துவிடும் என்று உட்டோப்பியர்கள் நம்புகிறார்கள். குடிமகனின் இரக்கம் தேயக் கூடாது. அதற்காக இன்னொருவனின் இரக்கம் தேயலாம். இந்த இடத்தை எத்தனை முறை படித்தாலும் தொண்டையில் நிற்கிறது. இறைச்சி மட்டும் எல்லார் இலைக்கும் வருகிறதே.

இதை எழுதுகிறவர் சிறுவயதில் வளர்ந்த வீட்டில் எடுப்புக் கக்கூஸ் இருந்தது. கொல்லையின் கோடியில் நாலு சுவர், மேலே ஓடு. உட்கார இரண்டு கல், கீழே தகரம். பின்புறச் சுவரில் ஒரு முழ உயரத்துக்குச் சின்னத் தகரக் கதவு. அது வீட்டுப் பக்கம் திறக்காது, சந்துப் பக்கம்தான் திறக்கும். காலையில் சந்தில் வாளி உரசும் சத்தம் கேட்கும், பிறகு இரும்புத் தகடு தகரத்தைச் சுரண்டும் சத்தம், பிறகு சாம்பல் கொட்டும் சத்தம். குழந்தைகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு முன்வாசலுக்கு ஓடிவிடுவார்கள். வந்தவரின் முகம் நினைவில் இல்லை. பார்த்ததே இல்லையோ என்னவோ. அந்தக் கதவின் உயரம் அப்படி: ஒரு கை தெரியும், வாளியின் விளிம்பு தெரியும். அவருக்குப் பெயர் இருந்திருக்கும். தெருவில் அவரைத் தொழிலைச் சொல்லித்தான் கூப்பிட்டார்கள்.

அந்த வீட்டுத் திண்ணையில்தான் இதை எழுதுகிறவர் ‘கலிவரின் யாத்திரை’யைப் படித்தார். சிறுவர்களுக்காகச் சுருக்கிய பதிப்பு. விரல் அளவு மனிதர்கள் கலிவரைத் தரையோடு சேர்த்துக் கட்டிப்போட்டிருக்கும் படம் அட்டையில். எத்தனை வண்டி சாப்பாடு, எத்தனை பீப்பாய் பானம் என்று வாய் ஊறப் படித்த பையனுக்கு, அவ்வளவு சாப்பிட்டவன் மறுநாள் காலையில் என்ன செய்தான் என்ற கேள்வி வந்ததாக நினைவில்லை. பல காலம் கழித்து முழு நூலைப் படித்தபோது, 1726-இலேயே ஜோனதன் ஸ்விஃப்ட் அதை ஒளிக்காமல் எழுதியிருப்பது தெரிந்தது. பார்வையாளர்கள் வருவதற்கு முன், தினமும் காலையில், கலிவரின் கழிவைத் தள்ளுவண்டியில் அள்ளிப்போக லில்லிபுட்டில் இரண்டு வேலையாட்கள் அமர்த்தப்படுகிறார்கள். இரண்டே பேர்! விரல் அளவு மனிதர்கள்! சிறுவர் பதிப்பு அந்த இருவரையும் நீக்கிவிட்டது. குழந்தைகள் காதில் போட வேண்டாத சங்கதி என்று யாரோ முடிவு செய்திருப்பார்கள். அந்தக் குழந்தைகளின் வீட்டுக்குப் பின்னால் சந்தில் தினமும் காலையில் வாளி உரசிக்கொண்டுதான் இருந்தது.

மோருக்குப் பிறகு வந்தவர்கள் இந்தக் கேள்வியை அறியாதவர்கள் அல்ல. 1888-இல் அமெரிக்கரான எட்வர்ட் பெல்லமி, 1887-இல் தூங்கி 2000-ஆம் ஆண்டின் பாஸ்டனில் கண்விழிக்கும் ஒருவனைப் படைத்தார். அங்கே எல்லாரும் ஒரு தொழிற்படையில் 21 வயதிலிருந்து 45 வரை உழைக்கிறார்கள். முதல் மூன்று ஆண்டு யாராக இருந்தாலும் எந்த வேலை கொடுத்தாலும் செய்ய வேண்டும். அதன் பிறகு விருப்பம்போல் தொழில். ஒரு வேலைக்கு ஆள் வரவில்லையென்றால் அந்த வேலையின் நேரத்தைக் குறைத்துக்கொண்டே போவார்கள். தேவைப்பட்டால் நாளுக்குப் பத்து நிமிடம் வரைகூட. கணக்கு அழகாக இருக்கிறது. அதைப் படித்துச் சலித்துப்போன வில்லியம் மோரிஸ், இப்படிப் படை வைத்தா மனிதனை மகிழ்ச்சியாக்குவது என்று 1890-இல் தன் பங்குக்கு ஒரு பயணம் எழுதினார். அவருடைய எதிர்கால லண்டனில் நாடாளுமன்றக் கட்டடம் எருச் சந்தையாகிவிட்டது. குப்பைக்காரர் ஒருவர் பொன் சரிகை ஆடையில் மினுமினுத்துக்கொண்டு வருகிறார், ஓய்வு நேரத்தில் நாவல் எழுதுகிறார். குப்பையோடு பழகும் மனிதருக்குப் பொன் ஆடை அணிவித்துப் பார்த்த மனம் மோரிஸுடையது, அதற்காகவே அவரைப் பிடிக்கும். ஆனாலும் அந்த எருவை அங்கே கொண்டுவந்து தள்ளுகிறவர்களின் அருகே அவருடைய விருந்தாளி நிற்காமல் நடந்துவிடுகிறான். தேம்ஸ் நதியும் வைக்கோல் வாசமும் அவனை இழுத்துப்போய்விடுகின்றன.

போன ஊரில் அடுக்களையைப் போய்ப் பார்த்த பயணி, இதை எழுதுகிறவருக்குத் தெரிந்து, ஒரு பெண். ரொக்கையா சகாவத் ஹுசைன் எழுதிய ‘சுல்தானாவின் கனவு’ 1905-இல் வெளிவந்தது சென்னையில்தான், கமலா சத்தியநாதன் நடத்திய ‘இந்தியன் லேடீஸ் மேகசின்’ என்ற ஆங்கில இதழில். பெண்கள் ஆளும் நாட்டுக்குப் போன சுல்தானா, கரியும் புகையும் இல்லாத அடுக்களையைக் கண்டு எப்படிச் சமைக்கிறீர்கள் என்று கேட்கிறாள். சூரிய வெப்பத்தைக் குழாயில் கொண்டுவருகிறோம் என்று காட்டுகிறார்கள். ஆண்கள் வீட்டுக்குள் அடைபட்டுக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறார்கள், சமைக்கிறார்கள். ரொக்கையா ஆளை மாற்றினார்; வேலை இருந்துகொண்டே இருக்கிறது என்பதை மறைக்கவில்லை. அடுப்படியில் இருந்தவர்களுக்குத்தான் அடுப்பின் நினைவு வருகிறது. எந்திரத்தின் மேல் அவருக்கு இருந்த நம்பிக்கை, 1940-களில் பெரியார் எழுதிய ‘இனி வரும் உலக’த்திலும் இருக்கிறது. அந்த நம்பிக்கையை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. பாதாளச் சாக்கடையில் மனிதன் இறங்காமல் அடைப்பு எடுக்கும் ‘பாண்டிகூட்’ என்ற ரோபோ 2018-இல் திருவனந்தபுரத்தில் இறங்கியபோது, அது யாரோ சிலரின் உயிரைக் காத்திருக்கும்.

எந்திரம் ஒரு பக்கம் இருக்கட்டும். கையால் மலம் அள்ள ஆள் வைப்பதைத் தடைசெய்த சட்டம் 1993-இல் வந்தது. சாக்கடைக் குழியையும் கழிவுநீர்த் தொட்டியையும் சேர்த்து இன்னொரு சட்டம் 2013-இல் வந்தது. உள்ளே இறங்கி இறந்தவர் குடும்பத்துக்குப் 10 லட்சம் ரூபாய் என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023-இல் அதை 30 லட்சமாக உயர்த்தியது. நடக்கக் கூடாது என்று சட்டம் போட்ட ஒன்றுக்கு, நடந்தால் இவ்வளவு என்று இருமுறை தொகை நிர்ணயிக்க வேண்டிவந்தது. மனிதநேயமுள்ள தீர்ப்புகள்தான் அவை. ஆனாலும் அந்த எண்களைப் பார்க்கும்போது நெஞ்சு பதறுகிறது.

காகிதத்தில் கட்டிய தீவுகளை விட்டுவிட்டு உண்மையில் ஒரு வீட்டில் இது முயற்சி செய்யப்பட்ட கதைக்கு வந்தால் விஷயம் இன்னும் சிக்கலாகிறது. 1898, டர்பன். வக்கீல் மோகன்தாஸ் காந்தியின் வீட்டில் அவருடைய அலுவலக எழுத்தர்களும் தங்குவார்கள். குஜராத்திகளும் தமிழர்களும் இருந்தார்கள். மேல்நாட்டுப் பாணி வீடு, அறைகளில் நீர் வெளியேற வழியில்லை, ஒவ்வோர் அறையிலும் ஒரு சட்டி. வேலைக்காரரிடம் கொடுக்காமல் காந்தியும் கஸ்தூரிபாயுமே அவற்றை எடுத்துச் சுத்தம் செய்தார்கள். பழகிப்போன எழுத்தர்கள் தங்கள் சட்டியைத் தாங்களே கழுவிக்கொள்வார்கள். புதிதாக வந்த ஒருவர் பஞ்சமப் பெற்றோருக்குப் பிறந்த கிறிஸ்தவர். அவருடைய சட்டியைத் தொடுவது கஸ்தூரிபாயால் தாங்க முடியாததாக இருந்தது. கணவர் அதை எடுப்பதையும் அவரால் பொறுக்க முடியவில்லை. கண்ணீர் வழிய, கையில் சட்டியோடு அவர் படியிறங்கி வருகிறார். கணவருக்கு அது போதவில்லை. முகமலர்ச்சியோடு செய்ய வேண்டும் என்கிறார். சண்டை முற்றி, மனைவியின் கையைப் பிடித்து இழுத்துப்போய் வெளிக்கதவைத் திறக்கிறார். இந்த நாட்டில் எனக்கு யார் இருக்கிறார்கள், வெட்கமில்லையா என்று கஸ்தூரிபாய் அழுத பிறகுதான் நிதானத்துக்கு வருகிறார். காந்தியே தன் சத்திய சோதனையில் வெட்கத்தோடு இதை எழுதியிருக்கிறார்.

இந்த நிகழ்ச்சியைப் படித்துவிட்டு யார் பக்கம் நிற்பது? சாதி பாராமல் எல்லாச் சட்டியையும் தன் கையால் எடுக்கத் துணிந்தவர் பக்கம் நிற்கத்தான் வேண்டும், அதில் ஐயமில்லை. ஆனால் படியிறங்கி வந்தவள் அந்த லட்சியத்தைத் தேர்ந்தெடுத்தவள் அல்ல. அவளுக்குச் சாதி உணர்வு இருந்தது, அது தவறு. அந்தத் தவறைச் சுட்டிக்காட்டியவருக்குக் கதவைத் திறந்து வெளியே தள்ளும் அதிகாரமும் இருந்தது. மூன்றாவதாக ஒருவர் இருக்கிறார், அவரைப் பற்றி யாரும் பேசுவதில்லை. தன் சட்டியை வைத்து வீட்டில் இப்படி ஒரு சண்டை நடந்ததை அந்தப் புது எழுத்தர் அறையில் இருந்து கேட்டிருப்பாரா?

உர்சுலா லெ குயினின் ஒரு நாவலில் பயணம் எதிர்த்திசையில் நடக்கிறது. 1974-இல் வந்தது. அரசும் சொத்தும் இல்லாத அனாரஸ் என்ற வறண்ட உலகத்திலிருந்து ஷெவெக் என்ற விஞ்ஞானி செல்வம் கொழிக்கும் உலகத்துக்கு விருந்தாளியாக வருகிறான். அப்படியானால் உங்கள் ஊரில் அழுக்கு வேலையை யார் செய்கிறார்கள் என்று அவனிடமும் கேட்கிறார்கள். எல்லாரும்தான் என்கிறான், பத்து நாளுக்கு ஒரு நாள் ஊர் வேலைக்குப் போவோம், ஆபத்தான வேலையில் யாரையும் நெடுங்காலம் வைப்பதில்லை. இந்தப் பயணக் கதைகளில் இதை எழுதுகிறவர் மனதார ஏற்கக்கூடிய பதில் இதுதான். அதே லெ குயின் அதற்கு முந்தைய ஆண்டு ஒரு சிறுகதை எழுதினார். ஓமெலாஸ் என்ற நகரம், குறையே இல்லாத மகிழ்ச்சி. அந்த மகிழ்ச்சிக்கு விலையாக, நிலவறையில் அடைபட்டிருக்கும் ஒரு குழந்தை. எல்லாரும் அந்தக் குழந்தையைப் பற்றிப் பேசுவார்கள். அந்த அறை என்ன அறை என்பதைப் பலர் கவனிப்பதில்லை. நாற்றமெடுத்த தரை துடைப்பான்களும் துருப்பிடித்த வாளியும் வைக்கிற அறை அது. குழந்தை அந்தத் துடைப்பான்களைப் பார்த்துப் பயப்படுகிறது.

மோரிடமே திரும்பிப் போனால் அவர் இன்னும் குழப்புகிறார். நூலின் கடைசிப் பகுதியில், மதத்தைப் பற்றிச் சொல்லும் இடத்தில், சிலரைக் காட்டுகிறார். அவர்கள் தாங்களாகவே முன்வந்து நோயாளிகளைக் கவனிக்கிறார்கள், சாலை போடுகிறார்கள், சாக்கடை தூர்வாருகிறார்கள், பாலம் சீர்செய்கிறார்கள். மற்றவர் தொட அஞ்சும் எந்த வேலையையும் மகிழ்ச்சியாக எடுத்துக்கொள்கிறார்கள். அடிமையைவிட அதிகமாக உழைக்கிறார்கள். எவ்வளவு தாழ்ந்த வேலையில் இறங்குகிறார்களோ அவ்வளவு மதிப்பு அவர்களுக்கு. அதே சாக்கடையை அள்ளும் ஒருவனுக்கு விலங்கு, இன்னொருவருக்குப் பெருமை. அப்படியென்றால் இழிவு அழுக்கில் இல்லை, விட்டுப்போக முடியாததில் இருக்கிறது என்று சொல்லத் தோன்றும். இதை எழுதுகிறவரும் கொஞ்ச காலம் அப்படித்தான் நிம்மதியாக இருந்தார்.

ஆனால் மோர் வேறொரு வகை அடிமையையும் சொல்லியிருக்கிறார். அண்டை நாட்டு ஏழைகள், தங்கள் ஊரில் உழைத்துச் சாவதைவிட உட்டோப்பியாவில் அடிமையாக இருப்பதே மேல் என்று தாங்களாகவே வந்து சேர்கிறார்கள். அவர்களைக் கிட்டத்தட்டக் குடிமக்களைப் போலவே நடத்துகிறார்கள். வேலை மட்டும் கொஞ்சம் கூடுதல். எப்போது வேண்டுமானாலும் போகலாம், போகும்போது வெறுங்கையோடு அனுப்புவதில்லை. இவர்களும் தாமாகவே வந்தவர்கள்தான். இவர்களும் விட்டுப்போகலாம். அப்படியிருந்தும் இவர்களுக்கு அந்தப் பெருமை இல்லை. வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் நம் ஊர்ப் பிள்ளைகள் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகும் வேலைகளை நினைக்கும்போது அந்தப் பகுதி ஐந்நூறு வருடத்துக்கு முந்தையது போலவே தெரியவில்லை. ஒருவர் தொண்டாகச் செய்வதும் இன்னொருவர் வயிற்றுக்காகச் செய்வதும் ஒரே வேலையாக இருக்கும்போது, மதிப்பு மட்டும் ஏன் ஒருவரிடமே ஒட்டிக்கொள்கிறது? பசி இருந்தால் விருப்பம் விருப்பமாகாதா? அப்படியானால் பெல்லமியின் பத்து நிமிடக் கணக்கும், ஷெவெக்கின் பத்தாம் நாள் முறையும் முதலில் எல்லார் வயிறும் நிறைந்திருக்கும் ஊரில்தான் செல்லுபடியாகும்.

மோரைப் பற்றியும் ஒரு முடிவுக்கு வர முடியவில்லை. அடிமைகளைப் பற்றிய சில பக்கங்களை அவர் எழுதாமல் விட்டிருந்தால் அந்தத் தீவு இன்னும் அழகாக இருந்திருக்கும். கேட்பாரும் இருந்திருக்க மாட்டார்கள். பொதுவுடைமை வரை யோசித்த ஒருவர், லண்டன் நீதிமன்றங்களில் ஏழைகளின் வழக்கைக் கண்ட ஒருவர், அந்தப் பக்கங்களைக் கணக்கு வழக்கை மறைக்கக் கூடாது என்ற நேர்மையில் எழுதினாரா? இல்லை, சிலர் அதற்கென்று இருப்பார்கள் என்பது அவருக்குக் காற்றுபோல இயல்பாக இருந்ததா? ஒரு நாள் முதலாவது சரி என்று படுகிறது. இறைச்சி அறுக்கும் பகுதியைப் படிக்கிற நாளில் இரண்டாவது.

பத்து நாளுக்கு ஒருமுறை என்ற முறை இந்தத் தெருவில் வந்தால் தன் பெயர் எழுதிய தாள் கதவில் ஒட்டப்படும் அன்று காலையில் வாளியோடு இறங்கிப் போவோம் என்றுதான் இதை எழுதுகிறவர் நம்புகிறார். முதல் முறை போவார். ஊர் பார்க்கும், புகைப்படமும் எடுக்கும். நூறாவது முறை, யாரும் பார்க்காதபோது, மழைக்காலத்தில், உடம்பு சரியில்லை என்று சொல்ல ஒரு வழி இருக்கும்போது போவாரா, அல்லது போகாமல் இருக்கக் காசு கொடுத்து வேறொருவரை அனுப்பப் பார்ப்பாரா என்று அவருக்குத் துணிந்து சொல்ல வரவில்லை.